விழாத விமானம்

போர்க்காலத் தெற்கு: வரலாற்றுத் தொடர் - 11

வ.புதுப்பட்டியில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். பிளவக்கல் அணைக்கும் வத்திராயிருப்புக் கண்மாய்களுக்கும் தண்ணீர் தருகிற மலை. அந்தத் தொடரில்தான் சதுரகிரி இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறுகிற கூட்டத்தில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பதினெண் சித்தர்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பாறை நிழலில் ஒரு சடைச்சாமியார் உட்கார்ந்திருந்தால் சும்மா கடந்துபோக மாட்டார்கள், கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். யார் கண்டது?

இந்த 'யார் கண்டது'வை மடியில் முடிந்துகொண்டு மேலே வாசியுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

போரில் தொலைந்த விமானத்தைப் பற்றிய கதை எல்லா நாட்டிலும் இருக்கிறது. காட்டுக்குள் இறக்கை கிடக்கிறது என்பார்கள். ஏரி வற்றினால் வால் தெரியும் என்பார்கள். வெள்ளைக்காரன் போகும்போது பெட்டி பெட்டியாகப் புதைத்துவிட்டுப் போனான் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரம் ஒரு காலத்தில் பேசிப் பேசி மாளாத விமானம் இந்த ரகம் இல்லை. அது விழுந்ததாகச் சொல்லப்படும் இடம் இங்கிருந்து ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் தள்ளி, தைவான் தீவில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இங்கே யாரும் ஏங்கவில்லை. அது விழவே இல்லை என்பதுதான் கதை.

கதையைச் சொன்னவரும் சாதாரண ஆள் இல்லை. 1957 பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பிய உறுப்பினர், பார்வர்டு பிளாக் தலைவர் உ. முத்துராமலிங்கத் தேவர். அப்போது விருதுநகர் மாவட்டம் கிடையாது. இந்த ஊர்கள் எல்லாம் ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார் என்பதைத் தேவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1949 ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாளன்று, அவர் உயிரோடு இருப்பதாகவே அறிவித்தார். அதன் பிறகு சில காலம் தேவரையே பொதுவில் காணவில்லை. திரும்பி வந்தபோது, சீனாவுக்கும் கொரியாவுக்கும் போய் நேதாஜியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று பேச்சு பரவியது. அப்புறம் சொல்லவா வேண்டும்? திண்ணைக்குத் திண்ணை, சந்தைக்குச் சந்தை அந்தப் பேச்சு வளர்ந்தது. 'வருவார்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எழுவாய் தேவைப்படாத காலம் அது.

நேதாஜிக்கும் தெற்குக்கும் உள்ள உறவு மேடையில் தொடங்கியது. 1939 செப்டம்பர் 3 அன்று சென்னைக் கடற்கரையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு மாலைப் பத்திரிகையை யாரோ கையில் கொடுத்தார்கள்; ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்துவிட்டது என்று அதில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்த செய்தி அவருக்கு வந்த இடம் மெரினா மணல். மூன்று நாள் கழித்து மதுரைக்கு வந்தார். கூட இருந்தவர் தேவர். அந்தக் கூட்டத்துக்கு நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் பின்னாளில் அதைத் தம் வயதைக் கணக்கிடும் அடையாளமாகவே வைத்துக்கொண்டார்கள்.

அப்போது விமானம் என்பது தென்னாட்டுக் கிராமத்தில் அண்ணாந்து பார்க்கும் வேடிக்கை. அது பயமாக மாறியது 1942 ஏப்ரலில். ஏப்ரல் 4 அன்று, இலங்கைக்குத் தெற்கே கடலில் ரோந்து போன கேட்டலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் சேதி அனுப்பியது. அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி, கனடாவைச் சேர்ந்த லியனார்ட் பர்ச்சால். போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று கிளம்பிய பீதியில் நகரமே காலியானது. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னையிலிருந்து வண்டி ஏறியவர்களோடு 'இவாக்குவேஷன்' என்ற சொல்லும் ஊர் ஊராக இறங்கியது. அதே ஆண்டில் ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்களின் கதையைப் போன வாரம் பார்த்தோம்.

பிறகு ஓடுபாதைகள் முளைத்தன. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று போர்க்காலத்தில் போட்ட தளங்களின் பட்டியல் நீளம். சோழவரத்தில் பிற்பாடு கார்ப் பந்தயம் நடந்தது. கயத்தாற்றுப் பக்கம் இன்று காற்றாலை சுற்றுகிறது. விமானப் பேச்சு ஊருக்குள் இறங்க இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

இனி தைவானுக்குப் போவோம்.

1945 ஆகஸ்ட் 15. ஜப்பான் சரணடைந்துவிட்டது. இந்திய தேசிய ராணுவத்தின் தலைவர் என்ன செய்வது? சிங்கப்பூரில் இருந்தால் பிரிட்டிஷார் கையில் சிக்க வேண்டும். பாங்காக் வழியாக சைகோனுக்கு வந்து சேர்ந்தார் நேதாஜி. கூட வந்த சகாக்களில் ஒருவர் தமிழர்: நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் பிரசார அமைச்சர் எஸ்.ஏ. ஐயர். முன்பு ராய்ட்டர் நிருபராக இருந்தவர். சைகோனில் கிடைத்தது ஒரு ஜப்பானிய ராணுவ விமானம். மிட்சுபிஷி கி-21 என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். எதிரணி அதற்கு வைத்த சங்கேதப் பெயர் 'சாலி'. மஞ்சூரியாவுக்குப் பொறுப்பேற்கப் போன லெப்டினன்ட் ஜெனரல் ஷிடேய் உட்பட ஜப்பானிய அதிகாரிகள் ஏற்கெனவே அதில் இடம்பிடித்திருந்தார்கள். இந்தியர்களுக்கு ஒரே ஓர் இருக்கை என்றார்கள். பேரம் பேசி இரண்டாக்கினார்கள். இரண்டாவது இருக்கையில் ஏறியவர் கர்னல் ஹபீபுர் ரஹ்மான். ஐயரும் மற்றவர்களும் ஓடுபாதை ஓரத்தில் நின்றுவிட்டார்கள். அடுத்த விமானத்தில் பின்னாலேயே வரலாம் என்பது ஏற்பாடு.

நகைப் பெட்டிகளும் அதே விமானத்தில் ஏறின. மலாயாவிலும் பர்மாவிலும் இந்தியர்கள் கழற்றிக் கொடுத்த தங்கம். பெட்டிகளைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது.

17ஆம் தேதி மாலை சைகோனில் கிளம்பி, இரவு டூரானில் தங்கினார்கள். இன்றைய டா நாங். மறுநாள் பிற்பகல் தைவானின் தைஹோக்குவில் இறங்கினார்கள், இன்றைய தைபே. சாப்பாடு, பெட்ரோல். எஞ்சினை முடுக்கிப் பார்த்தபோது இடது எஞ்சினில் ஏதோ அதிர்வு இருப்பதாகத் தளத்துப் பொறியாளர் ஒருவர் சொன்னதும், விமானி சரிபார்த்துத் திருப்தி அடைந்ததும் பிற்கால விசாரணைகளில் வெளிவந்தன. சுமார் இரண்டரை மணிக்கு எழும்பியது. சில நொடிகளில் வெடிச்சத்தம். இடது பக்கத்து எஞ்சின் கழன்று விழுந்தது. விமானம் ஓடுபாதைக்கு அப்பால் மோதி இரண்டாக உடைந்தது. ஷிடேயும் தலைமை விமானியும் அங்கேயே இறந்தார்கள். பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேதாஜியின் சட்டையெல்லாம் பெட்ரோல். பின்வாசலைச் சாமான்கள் அடைத்துக்கொண்டன. முன்பக்கம் எரிகிறது. வேறு வழியில்லாமல் அந்தத் தீ வழியாகவே வெளியே வந்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் எரிகிற உடையை அவிழ்க்கப் போய்த் தன் கைகளைச் சுட்டுக்கொண்டார். நான்மோன் ராணுவ மருத்துவமனையில் அன்றிரவே நேதாஜி இறந்தார் என்று அவரும், சிகிச்சை தந்த டாக்டர்கள் யோஷிமி, சுருதா இருவரும் சாட்சியம் சொன்னார்கள். தகனம் தைஹோக்குவிலேயே நடந்தது. சாம்பல் டோக்கியோவுக்குப் போய், செப்டம்பர் 18 அன்று ரென்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோயிலில் வைக்கப்பட்டது. டோக்கியோவில் அந்தப் பெட்டியைப் பெற்றுக்கொண்டவர்களில் எஸ்.ஏ. ஐயரும் ஒருவர். 1951இல் அவர் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார்.

இவ்வளவு சாட்சிகள் இருந்தும் ஊர் ஏன் நம்பவில்லை?

நம்பாததற்கு ஊரிடம் நியாயம் இருந்தது. இந்த மனிதர் ஏற்கெனவே ஒருமுறை காணாமல் போனவர். 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டில் போலீஸ் காவலை ஏமாற்றி, முகமது ஜியாவுதீன் என்ற இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேடத்தில் கிளம்பி, காபூல் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தவர். அதைவிட முக்கியம், ஏற்கெனவே ஒருமுறை விமான விபத்தில் 'இறந்தவர்'. 1942 மார்ச் கடைசியில், டோக்கியோ போகும் வழியில் விமானம் விழுந்து போஸ் இறந்தார் என்று செய்தி உலகம் முழுக்க வந்தது. காந்தியடிகள் அவருடைய தாய்க்கு அனுதாபத் தந்தியே அடித்துவிட்டார். இரண்டொரு நாளில் செய்தி பொய் என்று தெரிந்தது. பெர்லின் வானொலியில் அவரே பேசினார். மூன்று வருடம் கழித்து அதே மனிதர், அதே மாதிரி விபத்து, அதே டோக்கியோ வழி என்று செய்தி வந்தால் வத்திராயிருப்புச் சந்தையில் காய் வாங்க வந்தவர் எப்படி நம்புவார்? ஒருமுறை புலி வருது என்று ஏமாற்றியது செய்தி நிறுவனங்கள்; பழி ஊராரின் அறியாமை மேல் விழுந்தது. காந்தியே 1946 தொடக்கத்தில், சுபாஷ் உயிரோடு இருப்பதாகத் தன் உள்ளுணர்வு சொல்கிறது என்ற பொருளில் பேசி, சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றார்.

1956இல் ஷா நவாஸ் கான் தலைமையில் மூவர் குழு விசாரிக்க உட்கார்ந்தது. தேவர் சாட்சியாகப் போனார். தன்னிடம் உள்ளதைச் சொல்வதற்கு முன் அவர் அரசிடம் ஒரு பதில் கேட்டார்: போர்க்குற்றவாளிகள் பட்டியலில் நேதாஜியின் பெயர் இருக்கிறதா, இல்லையா? கேள்வியில் அரசியல் உண்டு, தந்திரமும் உண்டு. கூடவே உயிரோடு இருக்கும் ஒருவரைக் காப்பாற்றும் அக்கறையும் தொனித்தது. ஊருக்குப் பிடித்தது அந்தத் தொனிதான். குழுவில் இருவர் விபத்து உண்மை என்றார்கள். மூன்றாமவர் நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ், ஒப்பமாட்டேன் என்று தனி அறிக்கை எழுதினார். மறு ஆண்டு தேவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் வாக்குகள் விழுந்ததற்கு வேறு நூறு காரணங்கள் இருந்தன. ஆனாலும், விழாத விமானத்தை நம்பிய ஒரு மக்களவை உறுப்பினரைப் பெற்ற தொகுதி என்ற பெருமையோ விசித்திரமோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தது.

1970இல் நியமிக்கப்பட்ட கோஸ்லா ஆணையமும் விபத்து நடந்தது என்றது. 1999இல் வந்த முகர்ஜி ஆணையம் கதையை மீண்டும் கிளப்பியது. 1945 ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 20 வரை அந்த விமான நிலையத்தில் விபத்து நடந்ததாகப் பதிவு இல்லை என்று தைவான் அரசு எழுதிக் கொடுத்தது. விபத்தில் அவர் இறக்கவில்லை, ரென்கோஜி சாம்பல் அவருடையது இல்லை என்று ஆணையம் முடித்தது. 2006இல் இந்திய அரசு அந்த முடிவை ஏற்க மறுத்தது. தைவான் கடிதத்தைப் பெரிய ஆதாரமாகப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆகஸ்டில் தைவான் இன்னும் ஜப்பானிய ராணுவத்தின் கையில் இருந்தது. சீனத் தரப்பிடம் தீவு ஒப்படைக்கப்பட்டது அக்டோபர் 25 அன்று. ஜப்பான் ராணுவ விமானம் விழுந்த கணக்கு சீன அரசின் பேரேட்டில் எப்படி இருக்கும்? முந்தைய குத்தகைக்காரர் வெட்டிய தென்னைக்கு இன்றைய குத்தகைக்காரரிடம் ரசீது கேட்பது போலத்தான்.

இங்கேதான் மடியில் முடிந்ததை அவிழ்க்க வேண்டும். நேதாஜி உயிரோடு இருந்தால் எங்கே, எப்படி? கதைகளில் பல அவரைச் சாமியாராக்கின. 1960களில் வங்காளத்தின் ஷௌல்மாரி ஆசிரமத்துச் சாது. பிறகு பைசாபாத்தில் திரைக்குப் பின்னால் இருந்தே பேசிய 'கும்நாமி பாபா'. அவர் 1985இல் இறந்தார். உத்தரப் பிரதேச அரசு நியமித்த சஹாய் ஆணையம் அவர் நேதாஜி இல்லை என்றது. சதுரகிரி அடிவாரத்தில் வளர்ந்த மனதுக்கு இந்தக் கதையில் ஒரு நெருடலும் இராது. பெரியவர் ஒருவர் உடலோடு மறைந்து, அடையாளம் தெரியாத தாடிக்குள் இருந்துகொண்டு, வேளை வரும்போது வெளிப்படுவார் என்பது இங்கே நேதாஜிக்கு முன்பே இருந்த கதை. விமானம் என்ற புது வாகனம் அதில் ஏற்றப்பட்டது, அவ்வளவே.

'விழவே இல்லை' என்பது ஒரு வகை வதந்தி. 'கிடக்கிறது, தோண்டினால் வரும்' என்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நம்மவர்கள் நடந்து வந்த அதே ரங்கூனில் இருக்கிறது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் விவசாயம் பார்த்தவர் டேவிட் கண்டால். போர் முடியும் நேரத்தில், பிரிக்காத பெட்டிகளில் வந்த புத்தம் புது ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பிரிட்டிஷ் விமானப்படை ரங்கூனின் மிங்களடோன் தளத்தில் புதைத்துவிட்டுப் போனது என்று அவர் கேள்விப்பட்டார். கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, தேக்குக் கட்டைகளுக்குள் பத்திரமாக. 1990களில் தொடங்கிய தேடல் அவருடைய ஆயுளில் பதினைந்து ஆண்டுக்கு மேல் தின்றது. முதலில் சில டஜன் என்றிருந்த எண்ணிக்கை பேச்சு வளர வளர 140 வரை போனது. 2012 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் பர்மா அதிபர் தெய்ன் செய்னிடமே இதைப் பற்றிப் பேசினார். கணினி விளையாட்டு நிறுவனமான வார்கேமிங் பணம் போட்டது. பர்மாவின் மிட்சினாவில் பூமிக்கடியில் ஒரு பெட்டி தட்டுப்பட்டதும் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால் கலங்கல் தண்ணீர். 2013 ஜனவரியில் மிங்களடோனில் தோண்டினார்கள். கேபிள், குழாய். விமானம் ஒன்றுகூட இல்லை. கூடப் போன தொல்லியலாளர் ஆண்டி ப்ராக்மன் அதற்குள் ஆவணக் காப்பகங்களைத் துழாவியிருந்தார். விமானங்களைப் புதைத்ததற்குத் துண்டுச் சீட்டுகூட அங்கே இல்லை. மழைக்காலச் சேற்றில் அவ்வளவு பெரிய குழிகளை வெட்டவும் பெட்டிகளை இறக்கவும் அப்போதைய மிங்களடோனில் ஆள்பலமும் இயந்திரபலமும் இருந்திருக்க முடியாது என்பது அவர் தரப்பு. பணம் போட்ட நிறுவனம் கைகழுவியது. கண்டால் நம்பிக்கையை விடவில்லை. தோண்டிய இடம் தப்பு என்றார்.

பெட்டியைத் திறக்கும்வரைதான் ஸ்பிட்ஃபயர். இதில் கண்டாலைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. 1945இல் அங்கே பெட்டிகளைப் பார்த்தோம் என்று முதிய போர்வீரர்கள் சிலர் மனமார்ந்து சொன்னார்கள். பெட்டியைப் பார்த்தது நிஜமாகவே இருக்கலாம். பெட்டிக்குள் ஸ்பிட்ஃபயரை வைத்தது எழுபது வருட ஞாபகம்.

அங்கே பூமியைத் தோண்டி வெறுங்கையோடு வந்தார்கள். நிஜமாகவே கிடைத்த விமானங்களோ யாரும் கதை கட்டாத இடங்களில் வெட்டவெளியில் நின்றன. காசி இந்து பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தக் கொடுத்த ஒரு ஹரிகேன் விமானம், அங்கே திறந்தவெளியில் வெயிலும் மழையும் தின்னக் கிடந்தது. பழைய கார்களைத் தேடி 1982இல் இந்தியா வந்த ஆங்கிலேயர் பீட்டர் வாச்சர் கண்ணில் அது பட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். எண் ஆர்4118. 1940இல் லண்டன் வானத்தைக் காத்த பிரிட்டன் சமரில் 49 முறை பறந்து, ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதில் பங்குள்ள விமானம்! அதை வாங்கவும் ஏற்றுமதி அனுமதி பெறவும் 2001 ஆகிவிட்டது. 2004 டிசம்பரில் மறுபடி பறந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கான்பூர் கதை இன்னும் ருசி. போர் முடிந்ததும் அமெரிக்கா குத்தகைக்குக் கொடுத்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் பிரிட்டிஷார் எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை உடைத்தார்கள், உடலில் ஓட்டை போட்டார்கள். பார்ப்பதற்கு அசல் காயலான் கடை. சுதந்திர இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஆட்கள் கான்பூருக்குப் போய், ஒன்றின் இறக்கை இன்னொன்றின் வால் என்று பொறுக்கிச் சேர்த்து, பறக்கிற நிலைக்கு ஒருவாறு ஒப்பேற்றினார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். வழியில் எது கழன்று விழும் என்று தெரியாது. இப்படி நாற்பதுக்கு மேற்பட்டவை தேறின. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டே ஐந்தாம் படைப்பிரிவு தொடங்கியது. இந்திய விமானப்படையில் லிபரேட்டர் 1968வரை பறந்தது. இன்று லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் இங்கிருந்து போனதுதான். உலகம் முழுக்க 18,000க்கு மேல் செய்த ரகம். மிச்சம் நிற்பவற்றில் பல, கான்பூர்க் குப்பையிலிருந்து எழுந்தவை.

அப்படியானால் உண்மையிலேயே தொலைந்த விமானம் எது? 1942 முதல் 1945 வரை அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முதுகைத் தாண்டிச் சீனத்து குன்மிங்குக்குச் சரக்குக் கொண்டுபோன அமெரிக்க விமானங்களில் ஏறக்குறைய 600 விழுந்தன. விமானிகள் அதை 'அலுமினியப் பாதை' என்றார்கள். கீழே மின்னும் சிதைவுகளே வழிகாட்டியாம். இந்த நூற்றாண்டில் அரிசோனாக்காரர் கிளேட்டன் கூல்ஸ் அருணாசலத்துக் காடுகளில் நடந்து நடந்து இருபதுக்கும் அதிகமான இடங்களைப் பதிவு செய்தார். 1944 ஜனவரியில் மறைந்த 'ஹாட் அஸ் ஹெல்' என்ற லிபரேட்டர் 2006இல் அவரால் வெளியே தெரிந்தது. வெளியே, என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு இடம் ஏற்கெனவே தெரியும். இறக்கை அலுமினியம் அவர்கள் வீட்டில் பாத்திரமாகவும் கத்திப்பிடியாகவும் எப்போதோ மாறியிருந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பம் அறுபது வருடம் காத்திருந்த விமானத்தைச் சுற்றி இங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் பாசிகாட்டில் இதற்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள்.

தமிழ்நாட்டு மலையிலும் இதற்கொரு கிளைக்கதை உண்டு. போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆபிரகாம் வால்டு என்ற கணிதர், குண்டடி பட்டுத் திரும்பும் விமானங்களுக்கு எங்கே கவசம் போடுவது என்ற கேள்வியை ஆராய்ந்தார். ஓட்டை அதிகம் இருக்கிற இடத்தில் போடலாம் என்று தோன்றும். வால்டு மாற்றிப் பார்த்தார். திரும்பி வந்த விமானத்தில் ஓட்டை இல்லாத இடம் எதுவோ, அங்கே அடிபட்டவைதான் திரும்பி வரவில்லை. கவசம் அங்கே வேண்டும். அதாவது, வராத விமானத்தையும் கணக்கில் சேர். (சிவப்புப் புள்ளிகளோடு இணையத்தில் உலவும் விமானப் படம் வெகு பின்னால் யாரோ வரைந்தது. நல்ல கதைக்குப் படம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.) இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்காக வந்த வால்டும் அவர் மனைவியும் 1950 டிசம்பர் 13 அன்று ஏறிய ஏர் இந்தியா டகோட்டா, கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. வராத விமானங்களைப் பற்றி உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவர் போன விமானம் வரவில்லை.

மறுபடி தைஹோக்கு.

அங்கே தோண்டுவதற்கு எதுவும் கிடையாது. விமானம் விழுந்தது காட்டிலோ கடலிலோ இல்லை. தளத்தின் ஓரத்தில், பலர் கண்ணெதிரே. அந்தத் தளம் இன்று தைபே நகருக்குள் இருக்கும் சோங்ஷான் விமான நிலையம். தினமும் விமானம் ஏறி இறங்குகிறது. எரிந்த உலோகத்தை அப்போதே வாரியிருப்பார்கள். ஜப்பானியர் சாம்பலிலிருந்து பொறுக்கி எடுத்தது ஒன்றே ஒன்று: நகை. கருகி, உருகி, கல்லும் கரியும் கலந்து போன தங்கம். டோக்கியோவில் இருந்த இந்தியர்கள் கைக்கு அது வந்தது. 1952இல் டெல்லிக்கு வந்தது. சுமார் 11 கிலோ. முத்திரை வைத்து தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள். சைகோனில் ஏறிய பெட்டிகளில் எவ்வளவு இருந்தது, நடுவில் எவ்வளவு போனது என்பதற்குத் தனியாக ஒரு கோப்புக்கட்டு உண்டு.

அந்தத் தங்கம் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1943 ஜூலையில் கோலாலம்பூரில் நேதாஜி பேசிய கூட்டத்தில் ஜானகி என்ற தமிழ்ப்பெண் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அவர் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் தலைவி லட்சுமி சுவாமிநாதனுக்கு அடுத்த நிலைத் தளபதியாக உயர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசியா அறிந்த தலைவர். அவரைப் போல் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் கப்பல் ஏறி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய மூக்குத்தி, வளையல், சிலர் விஷயத்தில் தாலியே அந்தப் பெட்டிகளுக்குப் போனது. தேவர் மேடையில் விமானம் விழவில்லை என்று சொன்ன ஆண்டுகளில், அதன் மிச்சம் டெல்லியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் முத்திரையோடு இருந்தது. உருகிக் கட்டியாகிவிட்ட அந்தத் தங்கத்தில் தோடு எது, தாலி எது என்று இனி பிரிக்க வழியில்லை.

(தொடரும்)